ரேடாரில் மார்பகக் கட்டி தெரியுமா? அதுவரை மேமோகிராமைத் தள்ளிப் போடலாமா?

கேள்வி, பிப்ரவரி 9

அம்மாவுக்கு 52 வயது. மேமோகிராம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். அம்மாவுக்குப் பயம். எக்ஸ்ரே என்பது ஒன்று, மார்பைத் தட்டு வைத்து அழுத்துவார்கள் என்று சித்தி சொன்னது இன்னொன்று. இங்கிலாந்தில் ரேடாரை வைத்தே கட்டியைக் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டதாக வீடியோ ஒன்று பார்த்தேன். கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது என்கிறார்கள். இங்கேயும் சீக்கிரம் வந்துவிடும் என்றால் அதுவரை காத்திருக்கலாமே என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பிப்ரவரி 9, இரவு

காத்திருக்காதீர்கள் தம்பி. டாக்டர் சொன்ன மேமோகிராமை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் ரேடார்தான் எனக்குச் சோறு போடுகிறது. 14 வருடமாக ஜிபிஆர் வேலை. தரைக்குள் ரேடார் அலையை அனுப்பி, சாலையைத் தோண்டாமலே கீழே தண்ணீர்க் குழாய் எங்கே, கரண்ட் கேபிள் எங்கே என்று பார்த்துச் சொல்வோம். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, நாம் மண்ணில் செய்வதையே யாரோ உடம்பில் செய்கிறார்களாமே என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த வீடியோவில் சொல்வது பொய் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். மீதியை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, காலை

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்துவிட்டதா என்று பாட்டி சொல்லுவார். வெட்ட வேண்டியதில்லை. உள்ளே போன தட்டல் திரும்பி வரும் ஓசையில் விஷயம் இருக்கிறது. ரேடாரும் அப்படித்தான். தட்டுவது மட்டும் ரேடியோ அலை.

அலை ஒரே மாதிரியான பொருளுக்குள் போய்க்கொண்டிருக்கும்வரை எதுவும் திரும்பி வராது. வேறு பொருள் குறுக்கே வரும் இடத்தில் கொஞ்சம் தெறித்துத் திரும்பும். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பதை வைத்து ஆழம் தெரியும். இங்கே "வேறு பொருள்" என்பதற்கு அலையின் கணக்கில் ஓர் எண் இருக்கிறது. பள்ளி இயற்பியலில் விடுதிறன் என்று படித்திருப்போம். காற்றுக்கு 1, காய்ந்த மணலுக்கு 4 சொச்சம், தண்ணீருக்கு ஏறக்குறைய 80. அதாவது ரேடாரின் கண்ணுக்கு உலகத்தில் முக்கியமான வேறுபாடு ஈரம்தான்.

உடம்பிலும் அதே கதை. கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதன் எண் 5ஐ ஒட்டி இருக்கும். புற்றுக்கட்டியில் தண்ணீரும் ரத்தமும் அதிகம், எண் 50ஐ ஒட்டி. பத்து மடங்கு வேறுபாடு! எக்ஸ்ரேயில் கட்டிக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் இடையே கிடைக்கும் வேறுபாடு இதன் பக்கத்தில்கூட வராது. முதன்முதலில் இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காய்ந்த மணலுக்குள் தண்ணீர்க் குடம் புதைத்து வைத்த மாதிரி. என் தொழிலில் அதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

பிப்ரவரி 10, மதியம்

மேலே எழுதிய பத்து மடங்கைப் பற்றி ஒரு திருத்தம் போட வேண்டும். அவசரமாக எழுத முடியாது. இரண்டு நாள் பொறுங்கள்.

பிப்ரவரி 12

வீடியோவில் வந்தது பிரிஸ்டல் பல்கலைக்கழகக் கருவியாகத்தான் இருக்கும். பெயர் மரியா. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது.

அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ரால்ஃப் பெஞ்சமின். 1922ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். போருக்கு முன் அகதியாகப் பிரிட்டனுக்கு வந்த பையன். பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு ரேடார் வேலை செய்தார். ரேடார் திரையில் புள்ளியைப் பிடித்து நகர்த்த உருட்டுப் பந்து ஒன்றை 1946ல் செய்தார். இன்று டிராக்பால் என்கிறோமே, அதுதான். ராணுவ ரகசியம் என்பதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. 1971 முதல் 1982 வரை பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜிசிஹெச்க்யூவுக்குத் தலைமை விஞ்ஞானி. ஓய்வு பெற்ற பிறகு பிரிஸ்டலில் கண்ணிவெடி தேடும் ரேடாரில் இறங்கினார். அங்கிருந்து மார்பகக் கட்டிக்கு வந்தார். இயன் கிராடாக், ஆலன் பிரீஸ் என்று அங்கிருந்தவர்கள் அதைக் கருவியாகவே செய்து, பிரிஸ்டலின் ஃபிரெஞ்சே மருத்துவமனையில் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள்.

கண்ணிவெடியிலிருந்து மார்பகத்துக்கு என்ன பெரிய தூரம்? எனக்குத் தூரமே இல்லை. இரண்டிலும் தேடும் பொருள் சிறியது, மேலாக உள்ளது, வெட்டிப் பார்க்க முடியாத இடத்தில் உள்ளது. இரண்டிலும் மேல்பரப்பிலிருந்து வரும் எதிரொலிதான் பெரிய தொல்லை. மண்ணின் மேல்பரப்பு அங்கே, தோல் இங்கே. தோலில் பட்டுத் திரும்பும் சிக்னல் கட்டியிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு பெரியது. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது போல.

கருவியில் நோயாளி குப்புறப் படுப்பார். மேசையில் ஒரு திறப்பு, அதன் கீழே கிண்ணம் மாதிரி ஒன்று. அதைச் சுற்றி ஆன்டெனாக்கள். முதலில் 16, அடுத்ததில் 31, அதற்கடுத்ததில் 60. ஒவ்வொன்றும் அனுப்ப மற்றவை எல்லாம் கேட்கும். 60 ஆன்டெனாவுக்கு ஜோடிகள் 1770. ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எதிரொலி வந்திருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அத்தனையையும் நகர்த்திக் கூட்டுவார்கள். அங்கே கட்டி இருந்தால் எல்லாம் ஒன்றுசேர்ந்து எழும்பும். இல்லையென்றால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதை மார்பகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் செய்தால் முப்பரிமாணப் படம்.

மார்பை அழுத்துவது இல்லை. கிண்ணத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் மட்டும் தடவுவார்கள். அல்ட்ராசவுண்டுக்கு ஜெல் தடவுவது மாதிரி. இடையில் காற்று இருந்தால் அலை உள்ளே போகாமல் வாசலிலேயே திரும்பிவிடும். நாங்களும் ஜிபிஆர் பெட்டியைத் தரையோடு ஒட்டித்தான் இழுப்போம். மேடு பள்ளத்தில் தூக்கிக்கொண்டால் அந்த இடத்துப் பதிவு கெட்டுப்போகும்.

பிப்ரவரி 13

நேற்று எழுதியதைப் படித்தால் பிரிஸ்டல்காரர்கள்தான் தொடங்கிவைத்தார்கள் என்று தோன்றும். அது சரியில்லை. அமெரிக்காவில் சூசன் ஹேக்னஸ், ஆலன் டாஃப்லோவ், ஜாக் பிரிட்ஜஸ் மூவரும் 1998லேயே ரேடார் துடிப்பை வைத்து மார்பகக் கட்டியைக் கண்டுபிடிக்கலாம் என்று கணினிக் கணக்கில் காட்டிவிட்டார்கள். கனடாவில் கால்கரியில் எலீஸ் ஃபியர் குழு தனியாக ஒரு வழியில் போனது. ஒரே காலத்தில் பல இடங்களில் முளைத்த விஷயம் இது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்: வன்னியில் மிதிவெடி எடுத்தவர்கள் ரேடாரா வைத்திருந்தார்கள், மெட்டல் டிடெக்டரும் முள்வாரியும்தானே? சரிதான் அண்ணா. அங்கே பெரும்பாலும் கையால் செய்த வேலை. ரேடாரை நாடியதற்குக் காரணமே பிளாஸ்டிக் மிதிவெடிகள். உலோகம் அவற்றில் மிகக் கொஞ்சம். மெட்டல் டிடெக்டரில் அது ஒரு ஆணியைப் போலக் கேட்கும், அல்லது கேட்காமலே போகும். ரேடாருக்கு உலோகம் தேவையில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்டால் போதும். கட்டியிலும் உலோகம் இல்லை என்பதால்தான் இந்த வழி பொருந்தியது.

பிப்ரவரி 16

சரி, அந்தத் திருத்தம்.

பத்து மடங்கு என்றேன். அது கொழுப்புக்கும் கட்டிக்கும் நடுவே உள்ள வேறுபாடு. மார்பகம் முழுக்கக் கொழுப்பாக இருந்தால் நான் எழுதியது நிற்கும். ஆனால் மார்பகத்தில் பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் இருக்கின்றன. அவற்றிலும் தண்ணீர் உண்டு.

2007ல் விஸ்கான்சின், கால்கரி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பெரிய அளவீட்டை வெளியிட்டன. மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவைசிகிச்சையிலும் புற்றுநோய் அறுவைசிகிச்சையிலும் எடுத்த திசுக்களை வைத்துச் செய்தது. கட்டிக்கும் கொழுப்புக்கும் பத்து மடங்குவரை வேறுபாடு இருந்தது, முன்பு நினைத்தபடியே. கட்டிக்கும் ஆரோக்கியமான சுரப்பித் திசுவுக்கும்? பத்து சதவீதம்தான்.

பத்து மடங்கு எங்கே, பத்து சதவீதம் எங்கே. காய்ந்த மணலில் தண்ணீர்க் குடம் இல்லை இது. சேற்றுக்குள் கொஞ்சம் கெட்டியான சேறு.

இன்னொன்று. பெரும்பாலான புற்றுக்கட்டிகள் தொடங்குவது கொழுப்பில் இல்லை, சுரப்பித் திசுவில்தான். நாம் தேடும் பொருள், மறைக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மேமோகிராம் தடுமாறும் அதே சுரப்பித் திசுவில் ரேடாரும் கஷ்டப்படத்தான் செய்யும் என்றல்லவா ஆகிறது.

முற்றாக அப்படியும் இல்லை. சிக்னல் சிறியதாகிறதே தவிர இல்லாமல் போகவில்லை. ஆன்டெனாக்களை 60க்குக் கூட்டியதும், கணக்கு முறையை மாற்றி மாற்றிப் பார்த்ததும் இந்தச் சின்ன வேறுபாட்டைப் பிடிப்பதற்குத்தான். ஆனால் வீடியோ போடுபவர்கள் எல்லோரும் பத்து மடங்கைச் சொல்கிறார்கள், பத்து சதவீதத்தைச் சொல்வதில்லை. நானும் முதல் நாள் அப்படித்தான் எழுதினேன். எழுதிய மகிழ்ச்சியில் தவறிவிட்டது.

பிப்ரவரி 17

அக்கா கதையைச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது.

அக்காவுக்கு அப்போது 44. மேமோகிராம் எடுத்தோம். ரிப்போர்ட்டில் சந்தேகத்துக்குரிய எதுவும் இல்லை என்று இருந்தது. அதற்கு மேலே ஒரு வரியில் மார்பகத் திசு அடர்த்தி அதிகம், சி பிரிவு என்று இருந்தது. அந்த வரியை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நல்ல ரிப்போர்ட் வந்தால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவோமே தவிர, ஒவ்வொரு வரியாகவா படிப்போம்? எட்டு மாதம் கழித்து அக்கா கையிலேயே கட்டி தட்டுப்பட்டது. வேறு ஒரு டாக்டர் அல்ட்ராசவுண்ட் எடுத்தார். தெளிவாகத் தெரிந்தது. பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது), அறுவைசிகிச்சை, கீமோ. இன்று நன்றாக இருக்கிறார், நேற்றுகூடப் போனில் என்னைத் திட்டினார்.

அடர்த்தி என்றால் என்ன என்று பிறகுதான் படித்தேன். எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை. ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவு. சி, டி என்றால் படத்தில் வெள்ளை அதிகம். பால் சாதத்தில் தயிர்க் கட்டியைத் தேடுவது போல. கையால் தொட்டுப் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும். அது நோயும் இல்லை. இளம் வயதில் அடர்த்தி அதிகம், வயதாக ஆகக் குறையும். இந்தியாவில் இந்த நோய் மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே வருவதால் நமக்கு இது கூடுதலாகப் பொருந்துகிற விஷயம்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல் மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அடர்த்தி அதிகமா இல்லையா என்று எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். புரியும் மொழியில். எங்களுக்கும் அப்படி ஒரு தாள் கையில் கொடுத்திருந்தால் அந்த எட்டு மாதம் வீணாகியிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிப்ரவரி 18

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ மேமோகிராம் வேஸ்ட்டுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லவே இல்லை. கல்சியம் துகள் என்று ஒன்று உண்டு. மிக ஆரம்பக் கட்டப் புற்றுநோய் சில சமயம் கட்டியாகவே இருக்காது, பொடிப்பொடியான கல்சியப் புள்ளிகளாக மட்டும் தெரியும். ஒரு மில்லிமீட்டரிலும் கீழே. மேமோகிராம் அதைக் காட்டும்.

ரேடார் காட்டாது. கணக்கு எளிது. பிரிஸ்டல் கருவி 3 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. அதாவது அலைவரிசையின் அகலம் 5 கிகாஹெர்ட்ஸ். மார்பகத்துக்குள் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, வினாடிக்கு 10 கோடி மீட்டர். அதை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 1 சென்டிமீட்டர். அதைவிட நெருக்கமாக ஆழத்தில் இரண்டு பொருள் இருந்தால் இந்த அலைக்கு ஒன்றாகத்தான் தெரியும். அலைவரிசையைக் கூட்டினால் நுட்பம் கூடும், ஆனால் ஈரத் திசுவில் அலை சீக்கிரம் செத்துவிடும். எங்களுக்கும் இதே இழுபறி தினசரி உண்டு. கான்கிரீட்டில் கம்பி பார்க்க ஒரு ஆன்டெனா, ஆழத்தில் குழாய் பார்க்க வேறொரு ஆன்டெனா. ஒன்றே இரண்டுக்கும் போதாது.

பிப்ரவரி 20

"கதிர்வீச்சு இல்லாததால் பாதுகாப்பு" என்ற வாதத்தை நானும் ஒரு காலத்தில் பெரிதாக நம்பினேன். இப்போது கொஞ்சம் மாறிவிட்டேன்.

உடம்புக்குப் போகும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு மேமோகிராமில் சுமார் 0.4 மில்லிசீவர்ட். சும்மா பூமியில் நடமாடினாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்கு 3 மில்லிசீவர்ட் அளவில் வந்து சேர்கிறது. ஆக ஒரு மேமோகிராம் என்பது ஏழு வார வாழ்க்கை. 52 வயதில் டாக்டர் கேட்டு எடுப்பதற்கு இது பயப்பட வேண்டிய அளவு இல்லை. அம்மாவிடம் இந்த ஏழு வாரக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள் தம்பி, என் அத்தைக்கு அது வேலை செய்தது.

ரேடார் அலை உண்மையிலேயே இதைவிட மென்மையானது. 6 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றல், ஒரு மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கத் தேவையானதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிஎன்ஏவை வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. அதன் பயன் எங்கே வருகிறதென்றால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய இடத்தில். 30 வயதுப் பெண், குடும்பத்தில் நோய் இருக்கிறது, அடர்த்தி அதிகம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கீமோ போய்க்கொண்டிருக்கும்போது கட்டி சுருங்குகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அக்காவுக்குக் கீமோ நடந்தபோது ஒவ்வொரு முறையும் "குறைந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எம்ஆர்ஐ ஒவ்வொரு தடவையும் எடுக்கக் கட்டுப்படியாகுமா? ஊசியில் மருந்து ஏற்றி, அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் குப்புறக் கிடந்து. அந்த மாதிரி இடத்தில் ஒரு ரேடார் கிண்ணம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். என் ஆசை முழுவதும் அங்கேதான்.

பிப்ரவரி 20, இரவு

இந்த ரேடார் அலையும் மைக்ரோவேவ்தானே, அடுப்பு மாதிரி உள்ளே வேகாதா என்று கேட்டவருக்கு: அடுப்பு 700, 1000 வாட் ஆற்றலை மூடிய பெட்டிக்குள் அடைத்துப் போடுகிறது. இந்தக் கருவி அனுப்புவது உங்கள் கையில் இருக்கும் செல்போன் அனுப்புவதைவிடக் குறைவு. வேகாது அம்மா, வெதுவெதுப்புக்கூட ஆகாது.

பிப்ரவரி 23

தோல் எதிரொலி பற்றி ஒன்று விட்டுப்போனது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பிரிஸ்டலில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒருமுறை ஸ்கேன் எடுத்துவிட்டு, ஆன்டெனாக் கிண்ணத்தை 10 டிகிரி திருப்பி இன்னொரு முறை எடுப்பது. தோல் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைந்திருப்பதால் அதன் எதிரொலி இரண்டு முறையும் ஒன்றாகவே இருக்கும். கட்டி ஒரு பக்கத்தில் இருப்பதால் அதன் எதிரொலி மாறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தோல் போய்விடும், கட்டி நிற்கும்.

நாங்களும் இதன் சித்தப்பா பையனைப் பயன்படுத்துகிறோம். தரை எதிரொலி பதிவு முழுக்க ஒரே கோடாக வரும், சராசரியை எடுத்துக் கழித்துவிடுவோம். ஒருமுறை அதில் ஏமாந்தேன். ஒரு சாலையில் நீளவாக்கில் மட்டும் பெட்டியை இழுத்துவிட்டு, மழை பிடித்துக்கொண்டதால் குறுக்கே இழுக்காமல், குழாய் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். குழாய் நான் நடந்த கோட்டுக்கு நேர் கீழே, நான் நடந்த திசையிலேயே போயிருக்கிறது. பதிவு முழுக்க ஒரே கோடாக வந்ததால் தரை எதிரொலியோடு சேர்த்துக் கழித்து எறிந்துவிட்டேன். ஜேசிபி இறங்கியதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டு தெருவுக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. குடத்தோடு நின்ற பெண்களிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து என் அறிக்கையில் "இல்லை" என்ற சொல் கிடையாது. "இந்தத் திசையில், இந்த ஆழம்வரை தென்படவில்லை" என்றுதான் எழுதுவேன்.

அதனால்தான் திருப்பிக் கழிக்கும் தந்திரத்தைப் படித்ததும் என் மனம் நேரே அந்தக் குழாய்க்குப் போனது. கிண்ணத்தின் நட்ட நடு அச்சில் ஒரு கட்டி இருந்தால்? எத்தனை டிகிரி திருப்பினாலும் அது அதே இடத்தில்தான் இருக்கும். தோலோடு சேர்ந்து அதுவும் கழிந்துபோகுமே. கருவி செய்தவர்கள் இதை யோசிக்காமல் இருக்க மாட்டார்கள், நடு அச்சில் அப்படியே துல்லியமாக உட்காரும் கட்டியும் அரிது. ஆனாலும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. மேமோகிராமுக்கு அடர்த்தி. ரேடாருக்கு இது, அப்புறம் அந்தப் பத்து சதவீதம்.

பிப்ரவரி 26

"வெற்றி விகிதம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். 2016ல் வந்த பிரிஸ்டல் கட்டுரை ஒன்று கையில் இருக்கிறது. 60 ஆன்டெனாக் கருவி. மார்பகத்தில் தொந்தரவு என்று சிகிச்சை மையத்துக்கு வந்த 86 பேர். ரேடார் படத்தை அல்ட்ராசவுண்ட், மேமோகிராம் படங்களோடு ஒப்பிட்டார்கள், ஒன்றைப் பார்ப்பவருக்கு மற்றொன்றின் முடிவு தெரியாத வகையில். 74 சதவீதத்துக்குச் சற்று மேல் பொருந்தியது. அடர்த்தி அதிகமான மார்பகங்களிலும் அந்த அளவு குறையவில்லை.

கடைசி வாக்கியம்தான் என்னை எழுந்து உட்கார வைத்தது. பத்து சதவீதம்தான் வேறுபாடு என்று தெரிந்தும் அடர்த்தியில் விழாமல் நின்றிருக்கிறது. 16ஆம் தேதி நான் எழுதியது கொஞ்சம் கூடுதல் இருட்டாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதேசமயம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று தவறியிருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே தொந்தரவோடு வந்தவர்கள், ஒன்றும் இல்லாத ஆயிரம் பேரில் ஒருவரைத் தேடும் வேலை இல்லை அது. இன்னொன்று என் தொழில் புத்தி: அந்தப் படம் காட்டுவது மிக வலுவான சிக்னல் எங்கே என்பதை. மார்பகத்தில் எதுவுமே இல்லாவிட்டாலும் எங்கோ ஒரு இடத்தில் சிக்னல் மற்ற இடத்தைவிட வலுவாகத்தான் இருக்கும். அது சுரப்பியா, சாதாரண நீர்க்கட்டியா, புற்றா? பயாப்ஸி ஊசி எத்தனை பெண்களுக்கு வீணாகப் போகும்? கட்டி இருந்தால் காட்டுகிறதா என்பது பாதிக் கேள்வி. இல்லாதபோது சும்மா இருக்கிறதா என்பது மீதி.

மார்ச் 2

ஜப்பானைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் தகமாரோ கிக்காவா குழு ரேடார் முழுவதையும் சில்லுகளில் அடக்கி, கையில் பிடிக்கும் அளவில் ஒரு கருவி செய்தது. 2017ல் வெளியிட்டார்கள், மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளிடம் பார்த்தது. ஐந்து என்பது தொடக்கம்தான். ஆனால் கருவியின் அளவைப் பாருங்கள். மேமோகிராம் இயந்திரத்துக்கு ஒரு தனி அறை, கதிர்வீச்சுத் தடுப்பு, ரேடியோகிராஃபர் வேண்டும். கையளவுக் கருவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் அக்காவின் பையில் போகலாம்.

உலகத்தில் 2022ல் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கத்துக் கிராமங்களில் பலர் டாக்டரிடம் வரும்போதே கட்டி பெரிதாகி இருக்கிறது. அவர்களுக்குத் துல்லியத்தில் கடைசி ஒரு மில்லிமீட்டர் முக்கியமில்லை. யாராவது ஒருவர் பார்த்து "இதைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு" என்று சீக்கிரம் சொன்னால் போதும். ரேடார் முதலில் ஜெயிக்கப் போவது இந்த இடத்தில்தான் என்பது என் நம்பிக்கை.

மார்ச் 8, கேட்டவர்

அக்கா, அம்மாவை அழைத்துப் போய் எடுத்துவிட்டோம். ஏழு வாரக் கணக்கைச் சொன்னதும் "அவ்வளவுதானா" என்று கிளம்பிவிட்டார். வலி சில வினாடிதான் என்றார். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த வரி இருக்கிறது. சி.

மார்ச் 8, இரவு

ரொம்ப சந்தோஷம் தம்பி. அம்மாவிடம் சொல்லுங்கள்.

சி என்பதால் பயப்பட வேண்டாம், அமெரிக்கக் கணக்கில் 40 தாண்டியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு சி அல்லது டிதான். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போய், "அடர்த்தி சி என்று போட்டிருக்கிறது, அல்ட்ராசவுண்டும் பார்க்க வேண்டுமா, அடுத்தது எப்போது" என்று நேரடியாகக் கேளுங்கள். அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள். பிலிமையும் சிடியையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்டுக்குத் தெரியும். அக்காவுடைய முதல் பிலிமை நாங்கள் வீடு மாறும்போது தொலைத்துவிட்டோம்.